தேசம்மாள் ஸ்டாப்பிங்

பஸ்ஸில் போகிற சென்னை ஜனங்கள் காலங்காலமாக "ஸ்டாப்பிங் வந்துடுச்சு, எறங்கு" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வருவது ஸ்டாப்பிங் இல்லை, நாம்தான் போகிறோம், அது பாட்டுக்கு நட்ட இடத்தில் நின்றுகொண்டிருக்கிறது என்று ஒருவரும் ஒருநாளும் திருத்தியதில்லை. அதனால்தானோ என்னவோ, நகரத்துக்குத் தெற்கே சதுப்பு நிலத்தைத் தூர்த்துக் கட்டிய தாழம்பள்ளம் குடியிருப்பில் ஒரு நாள் காலை ஸ்டாப்பிங் நிஜமாகவே வந்து, கீழ்த்தளத்தில் தனியாகக் குடியிருந்த தேசம்மாளின் வாசலில் நின்றபோது, அதை முதலில் பார்த்த ஆள் ஒரு கொட்டாவியை விட்டுவிட்டு, "ஸ்டாப்பிங் வந்துடுச்சு" என்று வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தானே தவிர, வேறெதுவும் கேட்கவில்லை.

பெரிய ஸ்டாப்பிங் ஒன்றும் இல்லை. ஓர் இரும்புக் கம்பம், அதன் உச்சியில் பஸ் படம் போட்ட நீலப் பலகை, மூன்று பேர் இடித்துக்கொண்டு உட்காரும் தகர பெஞ்சு, வெயிலை மட்டும் மறைத்து மழையை விட்டுவிடும் ஒரு கூரை, அவ்வளவுதான். முந்தின நாள் வரைக்கும் அது மெயின் ரோட்டில் இருந்தது. ஆற்றோரம் குடிசை போட்டு வாழ்ந்தவர்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு வந்து எட்டு மாடி எட்டு மாடியாக அடுக்கி வைத்தவர்கள், வீட்டுக்கு வீடு கக்கூஸ் கட்டினார்கள், சுவருக்குச் சுவர் மஞ்சள் அடித்தார்கள், பால்வாடிக்கு வாத்து பொம்மைகூட வரைந்தார்கள், ஆனால் இத்தனை ஜனமும் காலையில் எப்படி வேலைக்குப் போய்ச் சேரும் என்பதை மட்டும் மறந்துவிட்டதால், ஆணும் பெண்ணும் விடியும் முன்பே கிளம்பி, நாய்களுக்குக் கல் பொறுக்கிக்கொண்டு, சதுப்பு நடுவே நீண்டு கிடந்த விளக்கில்லாத ரோட்டில் நடந்து நடந்து மெயின் ரோட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தேசம்மாளும் அப்படித்தான் நடந்தாள். நகரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் அண்டா கழுவுகிற வேலை அவளுக்கு. ஒரு சாயங்காலம் முழங்கால் இரண்டும் பேச்சு கேட்காமல் போகவே, அந்தத் தகர பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் யாரும் இல்லாததால் கம்பத்தைப் பார்த்து, "நீயாவது கூட வரக்கூடாதா" என்று சொல்லிவிட்டு எழுந்து நடந்தாள். அது வந்துவிட்டது.

ஸ்டாப்பிங் வந்த பிறகு பஸ் வராமல் இருக்க முடியுமா? எந்த ஸ்டாப்பிங் எங்கே இருக்கிறது என்று டிரைவருக்குத் தெரியும், அது ஏன் அங்கே இருக்கிறது என்பது டிரைவர் வேலை இல்லை. பஸ் உள்ளே வந்தது, திரும்பியது, தேசம்மாளின் வாசலில் நின்றது. கண்டக்டர் வேதகிரி படியில் தொங்கியபடி, "தேசம்மா வூடு, தேசம்மா வூடு எறங்கு" என்று கூவ ஆரம்பித்தான். பெயர் ஒட்டிக்கொண்டது.

அவள் ரேஷன் கடைக்குப் போன அன்றைக்குத்தான் விஷயம் முழுதாகப் புரிந்தது. ஸ்டாப்பிங்கும் பின்னாலேயே போய் ரேஷன் கடை வாசலில் நின்றது. அவள் வாசலில் காத்துக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று வெயிலில் நின்றார்கள், பஸ் ரேஷன் கடையில் போய் நின்று, பாமாயில் வாங்க வந்தவர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அன்று சாயங்காலமே குடியிருப்போர் சங்கம் கூடியது. சங்கத் தலைவர் தனசீலன் நல்ல மனுஷன்தான், பெயின்டிங் கான்ட்ராக்ட் எடுக்கிறவர், யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதல் ஆளாக ஓடுகிறவர். அவர் எழுந்து, "அம்மா ஒரே எடத்துல இருந்தா போதும், மத்ததை நாம பாத்துக்கலாம்" என்றார், எல்லாரும் கை தட்டினார்கள்.

அதற்குப் பிறகு தேசம்மாளுக்கு ஒரு குறையும் இல்லை. ரேஷன் வீட்டுக்கு வந்தது. தண்ணீர் குடம் குடமாக வந்தது. தளத்துக்கு ஒருநாள் என்று முறை வைத்து சோறு வந்தது, ஞாயிற்றுக்கிழமை அதில் கறியும் இருந்தது. மண்டப வேலையை அவளே விட்டுவிட்டாள், விடாமல் என்ன செய்வது, அவள் வேலைக்குப் போனால் ஊர் எப்படி வேலைக்குப் போகும்? கல்யாணப் பத்திரிகைகளில் "தேசம்மாள் ஸ்டாப்பிங் அருகில்" என்று அச்சடித்தார்கள். ராஜபோகம் என்று மேல் மாடிப் பெண்கள் அவளைக் கேலி செய்தார்கள், அவளும் சிரித்தாள்.

ஆனால் பஸ்ஸுக்கு நிற்கிறவன் முகம் எந்தப் பக்கம் இருக்கும்? பஸ் வருகிற பக்கம்தான் இருக்கும். காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் அவள் வாசலில் ஊர் முழுக்க நின்றது, நின்றவர்கள் அத்தனை பேரும் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். சட்டை முதுகு, ஜாக்கெட் முதுகு, ஸ்கூல் பை தொங்கும் முதுகு என்று கதவைத் திறந்தால் முதுகுகள்தான். அவள் யாரையாவது பேச்சுக்கு இழுத்தால், "அப்டியா, சரிம்மா" என்று பாதி திரும்புவார்கள், அதற்குள் பஸ் வந்துவிடும். சாயங்காலம் இறங்குகிறவர்களோ வீட்டுக்குப் போகிற அவசரத்தில் அவள் பக்கமே திரும்பாமல் போனார்கள். ஆள் இல்லாத இடத்தில் தனியாக இருப்பது பழகிவிடும், இப்படி நாள் முழுக்க ஆள் நடுவில் தனியாக இருப்பது அவளுக்குப் பழகவே இல்லை.

அவளோடு நேராகப் பேசுகிற ஆள் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஆற்றோரத்தில் அவளுக்கு அடுத்த வீட்டுக்காரி பூஷணம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே தகரம், இந்தப் பக்கம் இவள் தும்மினால் அந்தப் பக்கம் அவள் "நூறு" என்பாள். தேசம்மாளுக்குப் பிள்ளை தங்கவில்லை, புருஷன் போய்ச் சேர்ந்தான், அத்தனைக்கும் தகரத்துக்கு அந்தப் பக்கம் பூஷணம் இருந்தாள். வீடு கொடுக்கும்போது குலுக்கல் போட்டார்கள். தேசம்மாளுக்குத் தெற்குக் கோடியில் தாழம்பள்ளம் விழுந்தது, பூஷணத்துக்கு வடக்குக் கோடியில் உப்பளத்தை ஒட்டிய உப்புமேடு விழுந்தது. பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்களைச் சேர்த்தே அனுப்பலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, குலுக்கல் என்றால் குலுக்கல்தான். பூஷணம் போனில், "இங்க ஜன்னலைத் தொறந்தா எதிர்ல இன்னொரு ஜன்னல் தேசு, அதுவும் மூடியே கெடக்குது" என்பாள். "இங்க வந்ததுலேருந்து என்னைப் பாக்கணும்னு ஒரு ஆளு படியேறலடி."

"நான் வரேன்" என்று தேசம்மாள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பிறகு ஒருநாள் பூஷணத்தின் மருமகள் ஷர்மிளா கூப்பிட்டாள். "பெரிம்மா, அத்தைக்கு ரொம்ப முடியல. டாக்டரு வூட்டுக்கே கூட்டிம்போங்கன்னு சொல்ட்டாரு. தேசு வந்துட்டாளா, தேசு வந்துட்டாளான்னே கேட்டுகினு கீது. ஒரு வாட்டி வந்து மூஞ்சிய காட்டிட்டுப் போங்க."

தேசம்மாள் புடவை மாற்றிக்கொண்டு, வாசலில் நின்ற முதுகுகளை விலக்கிக்கொண்டு, ஸ்டாப்பிங் வந்த நாளிலிருந்து முதல் தடவையாக பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். வேதகிரி விசில் கொடுத்தான். இன்ஜின் உறுமியது, கண்ணாடிகள் அதிர்ந்தன, வண்டி நகரவில்லை. மறுபடியும் விசில் கொடுத்தான். டிரைவர் கியரை மாற்றிப் பார்த்தார், இறங்கி டயரை உதைத்துப் பார்த்தார். வேதகிரி தலையைச் சொறிந்துகொண்டு அவளிடம் வந்தான்.

"யம்மா, ஸ்டாப்பிங் உன் கூடவே வர்து. நீ வண்டில குந்திகினு கீற வரைக்கும் வண்டி ஸ்டாப்பிங்லதான் கீதுன்னு அர்த்தம். ஸ்டாப்பிங்ல வண்டி நின்னுதானே ஆவணும்?"

"நான் உப்புமேடு போணும்பா."

"போணும்தான். ஆனா பஸ்ஸுல போ முடியாதே."

பின்னால் இருந்து, "லேட் ஆவுதும்மா, எறங்கும்மா" என்று ஒருத்தி கெஞ்சினாள், இன்னொருவன் அதையே அதட்டிச் சொன்னான். தேசம்மாள் இறங்கினாள். அவள் கால் தரையில் பட்டதும் பஸ் போய்விட்டது.

ஆட்டோக்காரர்களைக் கேட்டாள், "தலைவர ஒரு வார்த்தை கேட்டுக்கோயேன் ஆயா" என்றார்கள். தனசீலனைக் கேட்டாள்.

"போகக் கூடாதுன்னு நான் சொல்வேனா? ஆனா நீ போயிட்டா இத்தினி பேரும் எங்க போய் ஏறுவாங்க? ஞாயித்துக்கெழம பாக்கலாம்மா, அன்னிக்குக் கூட்டம் இருக்காது" என்றார் அவர். ஞாயிற்றுக்கிழமை வந்தது, அன்றைக்கு முகூர்த்தம், குடியிருப்பில் பாதிப் பேர் பந்தி பரிமாறவும் பாத்திரம் கழுவவும் போகிறவர்கள். அடுத்த ஞாயிறு போலீஸ் வேலைக்குப் பரீட்சை, பிள்ளைகள் போகவேண்டும். "அவங்கள இங்க கூட்டியாந்துடலாமா?" என்று தனசீலன் உண்மையான அக்கறையோடு கேட்டார். மூன்றாம் மாடியில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறவளை, லிஃப்ட் ஓடாத வீட்டிலிருந்து, ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு எப்படிக் கூட்டி வருவது? அவருக்கே அது தெரிந்துதான் இருந்தது. போனில் பூஷணத்தின் பேச்சு நாளுக்கு நாள் குறைந்து, கடைசியில் மூச்சு மட்டும் கேட்டது.

மறுநாள் காலைக் கூட்டம் ஏறிப் போகும்வரை தேசம்மாள் பொறுத்திருந்தாள். அப்புறம் கதவைப் பூட்டினாள். வாசலில் மிச்சம் நின்ற நாலைந்து பேரும் பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்ததால், அவள் எதிர்த்திசையில் நடந்து போனதை ஒருவரும் பார்க்கவில்லை, கூரை நகர்ந்து தலையில் வெயில் உறைத்த பிறகுதான் திரும்பினார்கள். அதற்குள் அவள் சதுப்பு ரோட்டில் பாதி போய்விட்டிருந்தாள், ஸ்டாப்பிங் பின்னால் போய்க்கொண்டிருந்தது. சாயங்காலம் எல்லாரும் திரும்புவதற்குள் வந்துவிடலாம் என்றுதான் அவளும் நினைத்தாள்.

மெயின் ரோட்டில் ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டினாள். ஷேர் ஆட்டோவுக்கு ஸ்டாப்பிங்கே கிடையாது, கை காட்டுகிற இடமெல்லாம் அதற்கு ஸ்டாப்பிங், ஆகையால் அந்தச் சட்டம் அதனிடம் செல்லுபடியாகவில்லை. ஒன்றிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறி, கண்ணாடிக் கட்டடங்கள் வரிசையாக நின்ற ரோட்டைத் தாண்டி, மெட்ரோவுக்குத் தோண்டி இரும்புத் தகடு வைத்து மறைத்த ரோட்டைத் தாண்டி, நடுவில் ஆட்டோ கிடைக்காத இடத்தில் பிளாட்பாரம் இல்லாததால் சாக்கடை மூடிமேல் நடந்து, அவள் வடக்கே போகப் போக, ஸ்டாப்பிங்கும் சிக்னலுக்கு சிக்னல் நின்று நின்று பின்னால் வந்தது. அது நின்ற இடத்திலெல்லாம் பஸ்கள் நின்றன, ஜனங்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். இந்த ஊரில் கை காட்டிய இடத்தில் பஸ் நிற்பதே அபூர்வம், நின்றால் ஏறிக்கொள்வார்களா, ஏன் நின்றது என்று கேட்டுக்கொண்டிருப்பார்களா? ஆற்றுப் பாலத்தில் ஆட்டோ ஊர்ந்தபோது அவள் எட்டிப் பார்த்தாள். தன் வீடு எந்த இடத்தில் இருந்தது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

வெயில் சாய்கிற நேரத்துக்கு உப்புமேட்டை அடைந்து மூன்று மாடி ஏறினாள். பூஷணம் ஜன்னலோரம் பாயில் கிடந்தாள், ஒரு பிடிதான் இருந்தாள்.

"தேசு."

"வந்துட்டன்டி."

"எதுல வந்த?"

"ஷேர் ஆட்டோல."

"இம்மாந்தூரமா? பைத்தியம்" என்று பூஷணம் சிரித்தாள், சிரிப்பு இருமலாயிற்று. அப்புறம் அவர்கள் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. யார் யார் எந்த ஊர்க் கோடியில் கிடக்கிறார்கள் என்று பேசினார்கள். கஞ்சியை ஷர்மிளா ஊட்டினால் துப்புகிறவள், தேசம்மாள் ஊட்டியதும் விழுங்கினாள். வெளியே வெயில் மஞ்சளாக மாறியதும் தேசம்மாள் ஜன்னலைப் பார்த்தாள். பூஷணம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொறப்படறியா?"

நகரத்தில் இந்நேரம் தாழம்பள்ளத்து ஜனங்கள் எல்லாரும் வீடு திரும்ப பஸ் ஏறுவார்கள் என்பது தேசம்மாளுக்குத் தெரியும். எழுந்தால் இந்தக் கையை மறுபடியும் பிடிக்கக் கிடைக்காது என்பதும் தெரியும். "இல்லடி, இருக்கறேன்" என்றாள்.

ஆகவே அன்று சாயங்காலம் தாழம்பள்ளத்துக்குக் கிளம்பிய பஸ்கள் எல்லாம் எங்கெங்கோ திரும்பி, எந்தெந்தப் பாலமோ ஏறி இறங்கி, உப்புமேட்டில் வந்து நின்றன. "தேசம்மா வூடு எறங்கு" என்று வேதகிரி வழக்கம்போலக் கூவினான், ஜனங்கள் தூக்கக் கலக்கத்தோடு வழக்கம்போல இறங்கினார்கள். வேறு ஊர் என்று அவர்களுக்குத் தெரியவில்லை, எப்படித் தெரியும்? அதே எட்டு மாடி, அதே மஞ்சள், அதே ஓடாத லிஃப்ட், பால்வாடிச் சுவரில் அதே வாத்து. அவரவர் பிளாக்குக்குப் போய், அவரவர் மாடி ஏறி, அவரவர் நம்பர் போட்ட கதவில் சாவியை நுழைத்துத் திருகினார்கள். ஒருவன் திறந்திருந்த வீட்டுக்குள் போய்ச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கொடுத்த டீயைப் பாதி குடித்த பிறகுதான், கொடுத்தது தன் பெண்டாட்டி இல்லை என்று கவனித்தான். டீ கொடுத்த பெண்ணும் அப்போதுதான் கவனித்தாள். மாடிக்கு மாடி கூச்சல் கிளம்பியது, கூச்சல் அடங்கியபோது ஒரு கூட்டம் ஸ்டாப்பிங்கைத் தேடிப் பிடித்து, அதன் நேர் மேலே இருந்த வீட்டுக்குப் படியேறி வந்தது.

கதவில் தனசீலன் நின்றார். முகம் சிவந்திருந்தது. "இன்னாம்மா இது? பொம்பளைங்க, கொயந்தைங்க, இந்நேரத்துல எல்லாம் எங்க வந்து நிக்கறோம் பாத்தியா?" என்று ஆரம்பித்தவர், பாயைப் பார்த்ததும் குரலைத் தணித்தார். அவருக்குப் பின்னால் படிக்கட்டு முழுக்கத் தலைகள் தெரிந்தன.

பூஷணம் கண்ணைத் திறந்தாள். "யாரு தேசு இவங்கல்லாம்?"

தேசம்மாள் தனசீலனைப் பார்த்தாள். தாழம்பள்ளத்து முகங்களை அவள் இத்தனை கிட்டத்தில் பார்த்ததில்லை, இத்தனை பேர் ஒரேயடியாகத் தன்னைப் பார்த்ததும் இல்லை. "எங்க ஏரியா ஜனங்கடி" என்றாள். "உனக்கு ஒடம்பு சரியில்லன்னு சொன்னேன். உன்னைப் பாக்கணும்னு கெளம்பி வந்துட்டாங்க."

"இத்தினி பேருமா?"

"இத்தினி பேரும்."

தனசீலன் படிக்கட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அப்புறம் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு உள்ளே வந்து, பாயின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "எப்டிக்கா கீற?" என்றார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். பூஷணம் ஷர்மிளாவிடம் தலையை வாரிவிடச் சொன்னாள். வந்தவர்களை "நீ யாரு வூட்டுப் பொண்ணு, நீ இன்னா வேலை பாக்கற" என்று விசாரித்தாள், டீ போட்டியா, போட்டியா என்று மருமகளைப் பிடுங்கி எடுத்தாள். அன்று எதிர் ஜன்னல்கூடத் திறந்தது, என்ன கூட்டம் என்று பார்க்க. தேசம்மாள் சுவரில் சாய்ந்துகொண்டு பூஷணத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

வராந்தாவிலும் படிக்கட்டிலும் ஜனங்கள் படுத்துத் தூங்கினார்கள். விடிந்து பார்த்தபோது பூஷணம் இல்லை. பாடை கட்டவும் தூக்கவும் பறைக்குச் சொல்லவும் ஆள் தேடவேண்டியிருக்கவில்லை, தெருவை அடைத்துக்கொண்டு கூட்டம் போனது. எந்தத் தலைவர் வீட்டுச் சாவு என்று உப்புமேட்டில் விசாரித்தார்கள்.

எல்லாம் முடிந்து குளித்துவிட்டு வந்தபோது பஸ் நின்றுகொண்டிருந்தது. "நீ ஷேர் ஆட்டோல முன்னாடி போம்மா, நாங்க பஸ்ஸுல பின்னாடியே வரோம்" என்று தனசீலன் இதமாகவே சொன்னார். தேசம்மாள் தலையாட்டினாள். ஆனால் அழுது ஓய்ந்து கண் மங்கிக் கிடந்தவள், கூட்டம் போன பக்கமே போய், கூட்டத்தோடு பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். வேதகிரி பார்த்துவிட்டு, "யம்மா, நீ" என்று வாயெடுப்பதற்குள் விசில் கொடுத்தாகிவிட்டது. பஸ் ஒரு குலுங்கு குலுங்கி நகர்ந்தது.

முதலில் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பிறகு தனசீலன், "நம்ம ஸ்டாப்பிங்!" என்று கத்தினார், பஸ்ஸே எழுந்து பின் கண்ணாடிக்கு ஓடியது. யாரும் இல்லாதவளுக்குத் துணையாகக் கூட வந்த அது, இந்தத் தடவை வரவில்லை. பூஷணத்தின் பிளாக் வாசலில் வெயிலில் நின்றுகொண்டிருந்தது, உப்புமேட்டுக்காரர்கள் மூன்று பேர் அதற்குள் பெஞ்சில் இடம் பிடித்து அடுத்த பஸ்ஸுக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள். "நிறுத்து, நிறுத்து" என்றார்கள், "கயித்தப் போட்டுக் கட்டி இஸ்துகினு போலாம்" என்றார்கள், இனிமேல் மறுபடியும் அந்த ரோட்டில் நடக்கவேண்டுமே என்று ஒருத்தி அழவே ஆரம்பித்தாள். எல்லாரும் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஸ்டாப்பிங் சிறுத்து மறைந்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முன்னால் தேசம்மாள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் காற்று அடித்தது. பஸ் நன்றாக, வேகமாக ஓடிக்கொண்டிருந்தது, இனி அது எங்கே வேண்டுமானாலும் அவளைக் கொண்டுபோய் விடும்.

வேதகிரி பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு பக்கத்தில் வந்தான். "உனக்கு எங்கம்மா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். நேற்றுக் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு உப்புமேடு என்று சொல்லியிருப்பாள்.

"போயிகினே இருப்பா" என்றாள். "சொல்றேன்."